இடப்பக்கப் பின் சீட்

கோயம்புத்தூரில் என் பட்டறைக்கு வரும் பெரிய வண்டிகளின் புகார்களில் எளிதில் பிடிபடாத ஒன்று உண்டு: "வண்டி கெட்டியா போகுதுங்க." ஏசி குளிரவில்லை என்றால் தெர்மாமீட்டரை வைத்துக் காட்டிவிடலாம். பிரேக் பிடிக்கவில்லை என்றால் தேய்ந்த பேடைக் கழற்றிக் கையில் கொடுக்கலாம். கெட்டியாகப் போகிறது என்பதற்கு அளவுகோல் உள்ளே உட்கார்ந்திருப்பவரின் இடுப்புதான். கோடி ரூபாய் கொடுத்து எஸ்யூவி வாங்கியவர், "இதுக்கு எங்கப்பா வெச்சிருந்த அம்பாசடரே தேவலை தம்பி" என்று சொல்லும்போது அதில் பாதி உண்மை, பாதி ஆற்றாமை. இரண்டையும் பிரித்தெடுப்பதில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

பல இடங்களில் இந்தப் புகாருக்கு ஒரே பதில்தான் கிடைக்கும். "ஷாக் போயிடுச்சு சார், நாலையும் மாத்தணும்." ஏர் ஸ்பிரிங்கும் அடாப்டிவ் ஷாக்கும் சேர்ந்த வண்டி என்றால், நாலு ஸ்ட்ரட்டுக்குப் போடும் எஸ்டிமேட்டில் ஒரு சின்னக் காரே எடுத்துவிடலாம். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் முதலில் கேட்கும் கேள்வி: தேய்ந்த ஷாக் எப்படிக் கெட்டியாகும்? எண்ணெய் கசிந்து, உள்ளே வால்வு தேய்ந்த ஷாக் தளர்ந்துதான் போகும். வண்டி மிதக்கும், ஆடும், பிரேக் பிடித்தால் மூக்கைக் குத்தும். ஷாக்கின் தண்டு வளைந்து உறைக்குள் சிக்கினால் கெட்டியாகலாம். அதுவும் ஒரு மூலையில்தான் நடக்கும். நாலு மூலையும் ஒரே வாரத்தில் கெட்டியானால் கோளாறு ஷாக்குக்கு வெளியே இருக்கிறது என்று பொருள்.

இது புரிய அந்தச் சாமான் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. ஷாக் அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. சாதாரண ஷாக்கில் எண்ணெய் எவ்வளவு சிரமப்பட்டுக் கடந்து போக வேண்டும் என்பதைத் தொழிற்சாலையிலேயே முடிவு செய்துவிடுவார்கள். பிறகு மாற்ற முடியாது. அடாப்டிவ் ஷாக்கில் அந்த வழியில் மின்சாரத்தால் இயங்கும் ஒரு வால்வு இருக்கும். சக்கரத்தின் அசைவையும் பாடியின் அசைவையும் சென்சார்கள் பார்த்துச் சொல்ல, கம்ப்யூட்டர் அந்த வால்வுக்குப் போகும் கரண்டை நொடிக்குப் பலமுறை கூட்டிக் குறைக்கும். இதன் பின்னுள்ள கணக்கு புதிதல்ல. அமெரிக்கப் பொறியாளர் டீன் கார்னோப்பும் அவருடன் இருந்தவர்களும் 1974-லேயே எழுதியது. வண்டியின் பாடி வானத்தில் கட்டிய ஷாக்கில் தொங்குவதாக வைத்துக்கொண்டு, அப்படி இருந்தால் எவ்வளவு விசை வேண்டுமோ அதைக் கீழே இருக்கும் ஷாக்கிடமிருந்து வாங்கப் பார்ப்பது. ஸ்கைஹூக் என்று பெயர். இன்றைய சொகுசு வண்டிகளின் சாஃப்ட்வேர்களில் அதன் வாரிசுகள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இப்போது முக்கியமான விஷயம். வால்வுக்குக் கரண்ட் நின்றுபோனால் என்ன ஆகும்? வால்வு வைத்த பல தயாரிப்புகளில் ஷாக் கெட்டிப் பக்கம் போய் நின்றுவிடும். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். இரண்டே கால் டன் எடையுள்ள, உயரமான வண்டி நூற்றிருபதில் போகும்போது திடீரென்று தொளதொளத்தால் ஆபத்து. கெட்டியானால் முதலாளிக்கு இடுப்பு வலியோடு போகும். அதோடு, ஒரு மூலையில் மின்கோளாறு என்று தெரிந்தால், ஒரு பக்கம் மெத்தென்றும் ஒரு பக்கம் கெட்டியாகவும் ஓடவிடாமல், கம்ப்யூட்டர் பல வண்டிகளில் நாலுக்குமே கரண்டை நிறுத்திவிடும். ஆகவே, அடாப்டிவ் வண்டி மொத்தமாகக் கெட்டியாவது பெரும்பாலும் கரண்ட் போய்ச் சேராததன் அடையாளம்தான்.

எல்லா வண்டிக்கும் இதையே சொல்லிவிட முடியாது. 2002-இல் காடிலாக் செவிலில் முதலில் வந்த மேக்னரைடு வேறு வகை. அதில் எண்ணெய்க்குள் மிக நுண்ணிய இரும்புத் துகள்கள் கலந்திருக்கும். சுருளில் கரண்ட் பாய்ந்தால் துகள்கள் காந்தப்புலத்தில் வரிசை கட்டி எண்ணெயை இறுக்கும். கரண்ட் போனால் ஷாக் இளகிவிடும். நேர் எதிர். ரேஞ்ச் ரோவர் இவோக்கிலும் இதைப் பார்த்திருக்கலாம். அதனால் எந்த வகை ஷாக் என்று தெரியாமல் புகாரைத் தொடவே கூடாது. இன்னொன்று: பழைய பழக்கத்தில் வண்டியின் மூலையை அமுக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இக்னிஷன் ஆஃப் செய்த வால்வு வகை வண்டியை அமுக்கினால் அது அசையவே அசையாது. கரண்ட் இல்லாத ஷாக் அது, வேறெப்படி இருக்கும்?

நான் ஸ்கேனரை எடுப்பதற்கு முன் செய்வது இரண்டு வேலை. கேள்வி கேட்பேன், பிறகு சவாரி போவேன். சவாரியில் நான் ஓட்டுவதில்லை. பையனை ஓட்டச் சொல்லிவிட்டு இடப்பக்கப் பின் சீட்டில் உட்காருவேன். நம்மூரில் இந்த விலை வண்டியின் சொந்தக்காரர் பெரும்பாலும் அங்கேதான் உட்காருகிறார். ஓட்டுகிறவனுக்கு ஸ்டீயரிங் என்ற பிடிமானம் உண்டு, வரப்போகும் பள்ளம் கண்ணுக்குத் தெரிகிறது, உடம்பு முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. பின்னால் இருப்பவர் பின் அச்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடி அவருக்குத்தான். சர்வீஸ் அட்வைசர் ஒருவர் தனியாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து "நல்லாத்தானே சார் இருக்குது" என்று சொல்வதும், சொந்தக்காரர் கோபப்படுவதும் இதனால்தான். இருவரும் உண்மைதான் சொல்கிறார்கள், உட்கார்ந்த இடம்தான் வேறு.

சவாரிக்கும் ஒரு கணக்கு வேண்டும். மேம்பாலத்தின் இணைப்புகள் மேல் ஒருமுறை போவேன். அவிநாசி சாலை மேம்பாலம் அதற்கு வசதி, ஜி.டி. நாயுடு பெயர் வைத்திருக்கிறார்கள், மோட்டார் வேலை செய்கிறவனுக்கு அதில் ஒரு சந்தோஷமும் உண்டு. அடுத்து, பள்ளிக்கூடங்களுக்கு முன்னால் மஞ்சளாகப் போட்டிருக்கும் வரிசைப் பட்டைகள். பிறகு ஒரு ஸ்பீட் பிரேக்கர். இந்தியச் சாலைப் பேரவையின் விதிப்படி அது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, வளைந்து ஏறி வளைந்து இறங்க வேண்டும். நம் தெருக்களில் இருப்பவற்றில் பல அதற்குச் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை; அதனால் அளவாகப் போட்ட ஒன்றைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறேன்.

மஞ்சள் பட்டையில் மட்டும் கரகரவென்று அதிர்ந்து, ஸ்பீட் பிரேக்கரில் அழகாக ஏறி இறங்கினால் சந்தேகம் டயர் மேல். ஸ்பீட் பிரேக்கரில் இறங்கும்போது 'டொக்' என்று ஓர் அடி விழுந்தால், ஸ்ட்ரட் முழு நீளத்துக்கு இழுபட்டுத் தட்டுகிறது. வண்டி உயரமாக நிற்கிறதா என்று அளக்க வேண்டும். ஏறும்போதே இடித்தால் தாழ்ந்து போய் ரப்பர் கட்டையில் உட்காருகிறது, காற்றுக் கசிவு. எல்லா இடத்திலும், எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி இறுகிக் கிடந்தால் கரண்டைத் தேட வேண்டும். பாடி இயல்பாக நொடிக்கு ஒன்று, ஒன்றரை முறை ஆடும். சக்கரம் பத்து, பன்னிரண்டு முறைக்கு மேல் துடிக்கும். மனித உடம்புக்கு மேலும் கீழுமான ஆட்டத்தில் மிகவும் ஆகாதது 4 முதல் 8 ஹெர்ட்ஸ் என்று சர்வதேசத் தரநிலையே வகுத்திருக்கிறது. ஷாக் அளவுக்கு மீறி இறுகினால் சாலையின் குலுக்கல் வடிகட்டப்படாமல் சரியாக அந்த இடைவெளியில்தான் வந்து விழுகிறது.

இந்த வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிற பெரியவர் ஒருவரின் ஐரோப்பிய எஸ்யூவி. ஏர் ஸ்பிரிங், நாலு மூலையிலும் வால்வு வகை ஷாக். வேறோர் இடத்தில் முன்வலது ஸ்ட்ரட்டை மாற்றியாகிவிட்டது. சில வாரங்களில் புகார் திரும்பியிருக்கிறது. இம்முறை மீதி மூன்று ஸ்ட்ரட்டும் கம்ப்யூட்டர் மாட்யூலும் என்று எஸ்டிமேட். பெரியவருக்கு வெறுத்துவிட்டது. டிரைவரிடம்தான் விஷயம் இருந்தது.

"அண்ணா, காலையில எடுக்கையில நல்லாத்தானுங்க இருக்குது. அவிநாசி தாண்டறதுக்குள்ள ஒரு எழுத்து வருது. அப்புறம் கெட்டியாயிடுது. நிறுத்திட்டு மறுக்கா ஸ்டார்ட் பண்ணினா போயிடுதுங்க."

"ரோட்டுல நேராப் போகையில வருதா, திரும்பறப்ப வருதா?"

கொஞ்சம் யோசித்தார். "ரவுண்டானாவுலதாண்ணா அதிகம்."

ஸ்கேனரில் முன்வலது ஷாக் வால்வு, ஓப்பன் சர்க்யூட் என்று கோடு இருந்தது. முந்தைய இடத்தில் இதைப் பார்த்துத்தான் ஸ்ட்ரட்டை மாற்றியிருக்கிறார்கள். கோடு சொன்னது சர்க்யூட். சர்க்யூட் என்றால் மாட்யூல், வயர், கப்ளர், வால்வின் சுருள் எல்லாம் சேர்ந்தது. அதில் விலை உயர்ந்த பாகத்தை மட்டும் மாற்றிவிட்டு மற்றதைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள். பட்டறைக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில் பையனை எட்டுப் போடச் சொல்லிவிட்டு நான் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். கம்ஃபர்ட் மோடில் நாலு வால்வுக்கும் கரண்ட் ஒரு ஆம்பியரை ஒட்டி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங்கை முழுக்க வலப்பக்கம் ஒடித்ததும் முன்வலது பூஜ்யமாயிற்று. அடுத்த கணம் மற்ற மூன்றும் பூஜ்யம். டாஷ்போர்டில் எழுத்து.

வீல் ஆர்ச் பிளாஸ்டிக்கைக் கழற்றினோம். ஸ்ட்ரட்டின் கப்ளர் சுத்தமாக இருந்தது; ஒரு பின்கூடக் கறுக்கவில்லை. மாட்யூலிலிருந்து கப்ளர் வரை மல்டிமீட்டரை வைத்தால் ஒரு ஓமுக்கும் கீழே, பிரமாதமாகக் காட்டுகிறது. பலர் இந்த இடத்தில் வயர் நல்லது என்று எழுதிவிடுவார்கள். மல்டிமீட்டர் ஓம் அளக்க அனுப்பும் கரண்ட் மிகமிகச் சொற்பம். இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டருக்கு அது முழு வயர்தான். ஷாக் வால்வு கேட்பதோ ஒரு ஆம்பியர், ஒன்றரை ஆம்பியர்.

இதற்கு என் மேஜை டிராயரில் ஓர் இண்டிகேட்டர் பல்ப் ஹோல்டரோடு கிடக்கிறது. 12 வோல்ட், 21 வாட்; எரியும்போது சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். வால்வின் பசிக்குக் கிட்டத்தட்டச் சமம். மாட்யூல் முனையைக் கழற்றி, அந்த வயருக்கு ஃபியூஸ் போட்டு பேட்டரி கொடுத்தேன். கப்ளர் முனையில் பல்பை மாட்டினேன். பளிச்சென்று எரிந்தது. "மெதுவா வலப்பக்கம் ஒடி" என்றேன். ஸ்டீயரிங் முக்கால் வட்டம் திரும்பியதும் வெளிச்சம் மஞ்சளாயிற்று. இன்னும் கொஞ்சம் ஒடித்ததும் இழை மட்டும் சிவந்து அணைந்தது. திருப்பிக் கொண்டுவந்தால் மறுபடி எரிகிறது.

பிறகு விரலால் தேடுவதுதான். வயர் கட்டை நகத்தால் அழுத்திக்கொண்டே போனேன். பாடியிலிருந்து ஸ்ட்ரட்டுக்குத் தாவும் இடத்தில் ஒரு கிளிப் இருந்தது. அதிலிருந்து இரண்டு விரல் தள்ளி, மேலுறை முழுதாக இருக்க உள்ளே செம்பு மட்டும் இல்லாதது போல நகம் அமுங்கியது. கீறிப் பார்த்தால் இழைகள் அறுந்து, முனைகளில் பச்சைக் களிம்பு. கட்டு இழுவையாக மாட்டப்பட்டிருந்ததால் ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த ஒரே இடம் மடிந்திருக்கிறது. கெட்டுப்போன நீளத்தை வெட்டி எறிந்துவிட்டு, கொஞ்சம் தொங்கல் விட்டுப் புது வயர் போட்டு, கிரிம்ப் அடித்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஏற்றினோம். அசையும் இடத்தில் நான் ஈயம் வைப்பதில்லை. ஈயம் வயருக்குள் ஊறி அந்தப் பகுதியை விறைப்பாக்கும். விறைப்பு முடிகிற இடத்தில் மறுபடி அறும். செலவானது இரண்டு முழம் வயரும் அரை நாள் கூலியும்.

பெரியவர் ஒரு வாரம் ஓட்டிவிட்டு வந்தார். "பெரிய இடி போயிடுச்சு தம்பி. ஆனா சிமெண்ட் ரோட்டுல இன்னும் கீழ கரகரங்குது." அவரை முன்னால் உட்காரச் சொல்லிவிட்டு நான் அவருடைய இடத்தில் உட்கார்ந்தேன். சொன்னது சரிதான். காலையில் சூடேறாத டயரில் கேஜ் வைத்தால் நாலிலும் 44. டிரைவர் கதவைத் திறந்தால் பில்லரில் ஸ்டிக்கர் இருக்கிறது. அதில் இரண்டு வரிசை, ஆட்கள் மட்டும் போகும்போது ஒன்று, முழுச் சுமையோடு போகும்போது ஒன்று. காற்றடிக்கிற கடையில், பெரிய வண்டி என்பதால் பெரிய எண்ணாக அடித்திருக்கிறார்கள். சும்மா இரண்டு பேர் போகிற வண்டி முழுச் சுமைக் காற்றில் ஓடிக்கொண்டிருந்தது. அதோடு, கூடச் சேர்த்து வாங்கிய 22 அங்குல ரிம். 275/45 ஆர் 20 டயரில் பக்கச் சுவர் 124 மில்லிமீட்டர் உயரம். 285/35 ஆர் 22-இல் சரியாக 100-ஐ ஒட்டி. சாலையின் சின்னச் சின்னக் கரட்டை விழுங்க வேண்டியது அந்தச் சுவர்தான். எந்தக் கம்ப்யூட்டரும் அதற்கு மாற்று இல்லை. ரன் ஃப்ளாட் டயர் என்றால் சுவர் இன்னும் விறைப்பு, காற்றில்லாமலே வண்டியைத் தாங்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்வது. காற்றை ஸ்டிக்கர்படி இறக்கியதில் பாதி கரகரப்பு அடங்கிற்று. ரிம்மைப் பற்றிச் சொன்னேன். "பையன் ஆசைப்பட்டுப் போட்டதுங்க" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

டயரின் வயதையும் பார்க்கச் சொல்வேன். பக்கச் சுவரில் நாலு இலக்க எண் இருக்கும்; 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. சொகுசு வண்டிகள் குறைவாக ஓடுவதால் பூ தேயாமலே ரப்பர் கிழடாகிவிடுகிறது. பார்க்கப் புது டயர், ஓட்டினால் மரக்கட்டை.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். கண்ட்ரோல் ஆர்ம் மாற்றும்போது வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முழுக்க முறுக்கிவிடுகிறார்கள். கீழே இறக்கியதும் புஷ்ஷின் ரப்பர் நிரந்தரமாகத் திருகிக்கொண்டு தானே ஒரு ஸ்பிரிங்காக வேலை செய்யும். வண்டியும் இறுகும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். ஓடும் உயரத்தில் வைத்துத்தான் கடைசி முறுக்கு. உயரம் பார்க்கும் சென்சாரின் சின்ன லிங்க் வளைந்தாலோ கழன்றாலோ, வண்டி தாழ்ந்துவிட்டதாக நினைத்து கம்ப்யூட்டர் காற்றை ஏற்றிக்கொண்டே போகும். சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். காயில் ஸ்பிரிங் உள்ள புது வண்டியே கெட்டியாக வந்தால், கப்பலிலும் லாரியிலும் ஆடாமல் இருக்க ஸ்பிரிங்குக்கு இடையில் செருகும் கட்டைகளை டெலிவரிக்கு முன் எடுத்தார்களா என்று பார்க்க வேண்டும். ஏர் ஸ்பிரிங்கைத் தூக்கிவிட்டுக் காயில் போடும் கன்வெர்ஷன் கிட்டைப் பற்றி என் கருத்து கடுமையானது: ஒரே எடைக்கு மட்டும் பொருந்தும் ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் கத்தாமலிருக்க ஒரு ரெசிஸ்டரைச் செருகுவதற்குப் பெயர் ரிப்பேர் அல்ல. கடைசியாக, ஸ்போர்ட் மோடில் போட்டு மறந்த வண்டிகளும் வருகின்றன. அதற்கு நான் பணம் வாங்குவதில்லை.

உங்கள் வண்டிக்கு இப்படி ஓர் எஸ்டிமேட் வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் நாலு மூலையின் உயரமும், நாலு வால்வின் கரண்டும், குளிர்ந்த டயரின் காற்றும் எழுதிய தாளைக் கேளுங்கள். இவற்றை எடுக்க ஒரு மணி நேரம் போதும். எடுக்காதவர்களிடம் ஸ்ட்ரட் மாற்றாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் கழற்றிய சாமானை விட்டுவிட்டு வராதீர்கள். திருப்பூர்ப் பெரியவர் கழற்றிய முன்வலது ஸ்ட்ரட்டைக் கேட்டு வாங்கிக் குடோனில் போட்டு வைத்திருந்தார். எடுத்து வரச் சொல்லிச் சோதித்தேன். சுருள் இரண்டு ஓமுக்குச் சற்று மேல், எண்ணெய்க் கசிவு இல்லை, பெல்லோஸில் வெடிப்பு இல்லை. இன்னும் பல வருஷம் ஓடக்கூடிய ஸ்ட்ரட் அது.